மல்லிகைச் சரத்துக்குக் கீழே நாலு வரி

கடத்தூர் நூர் பீரோ மார்ட்டில் இதுவரை யாரும் வேலையை விட்டதில்லை. வராமல் போனவர்கள் உண்டு. அது வேறு விஷயம்.

லோடு ஏற்றுகிற முருகேஷ் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை சாயங்காலம், "டீ குடிச்சுட்டு வந்தர்றேங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனவன். ஒரு டீயை மூன்று வருஷமாக ஊதி ஊதிக் குடிக்கிறவனை உலகம் கண்டதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அவன் விட்டுப்போன டிபன் பாக்ஸ் கடை அலமாரியில் இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் முதலாளி நூர் பாஷா தன் கையாலேயே அதைத் துடைத்து வைப்பார். வருகைப் பதிவேட்டில் நாலாவது பெயர் அவனுடையதுதான். தினமும் காலையில் அதற்கு நேரே 'ஆப்சென்ட்' என்று எழுத வேண்டியது பானுமதியின் வேலை.

"இந்தப் பேர அடிச்சரலாங்களா பாய்?" என்று அவள் ஒரு முறை கேட்டாள்.

"அடிக்காதம்மா. வருவான்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பானுமதி இப்போது ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். அந்தத் தெருவில் அதுதான் வழக்கமும். ஒன்று, சண்டை போட்டுக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன் என்று போய் அப்படியே கரைந்துவிடுவார்கள். ஆனால் ஓசூரில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை ஒரு பெரிய கம்பெனியில். அங்கே ஹெச்.ஆரில் சானியா என்று ஒரு பெண். குரலில் தேன், பேச்சில் கறார். "பழைய கம்பெனியில இருந்து ரிலீவிங் லெட்டர் வேணும் மேடம். செப்டம்பர் ஒண்ணு ஜாயினிங். லெட்டர் இல்லாட்டி அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வேலை கை நழுவினால் பானுமதிக்கு வேலை மட்டும் போகாது, புருஷனும் போன மாதிரிதான். ரஞ்சித்குமார் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலையில் இருக்கிறான். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் வருவான், சாயங்காலம் போய்விடுவான். அதில் பாதி நேரம் தூங்குவான். புதுசாய்க் கட்டிக்கொண்டவர்களை ஊரில் ஆடி மாதம் ஒன்றுக்குத்தான் பிரித்து வைப்பார்கள். பானுமதிக்குப் பதினான்கு மாதமும் ஆடிதான். இவள் கடத்தூரில் அம்மா வீட்டில், அவன் ஓசூரில் மெஸ் சாப்பாட்டில். இப்படியே இன்னும் ஒரு வருஷம் போனால் மனுஷன் முகமே மறந்துவிடும் என்று அவள் நிஜமாகவே பயந்தாள்.

வாயால் சொல்லிப் பார்க்காமலும் இல்லை. ஜூலை மாதக் கடைசியில், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "பாய், ஓசூருல ஒரு வேலை வந்திருக்குதுங்க" என்று ஆரம்பித்தாள்.

"ஓசூரா? ஓசூருல தண்ணி சரியில்லம்மா" என்றார் நூர் பாஷா. சொல்லிவிட்டு எழுந்து போய், துடைத்த பீரோவையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆக, கடிதம்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நூர் பீரோ மார்ட்டின் பெயர் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் பரவியதற்குப் பீரோ காரணமில்லை. தகரம் எல்லாக் கடையிலும் தகரம்தான். கல்யாணச் சீருக்கு இங்கே பீரோ எடுத்தால் கூடவே ஒரு வாழ்த்து மடல் வரும். பொன்னிற ஓரம் போட்ட கெட்டி அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் சுற்றி, பீரோவை மண்டபத்தில் இறக்கும்போது மேடையிலேயே கொடுப்பார்கள். எழுதுவது பானுமதி. மாப்பிள்ளை வெட்டியாக ஊர் சுற்றுகிறவனாக இருந்தாலும் அவள் மடலில் 'உழைப்பின் உதாரணமே' ஆகிவிடுவான். பெண் வீட்டார் அதைப் படித்துக் கண் கலங்குவார்கள். பீரோ கதவு சரியாக மூடாவிட்டாலும் மடலுக்காக மன்னித்துவிடுவார்கள்.

பானுமதியின் கல்யாணத்துக்கும் பாய் ஒரு பீரோ கொடுத்தார். மடல் இல்லாமல் எப்படி? எழுத வேறு ஆளில்லை. தனக்குத் தானே வாழ்த்து எழுதி, தானே மேடையில் வாங்கி, வெட்கப்பட்டுக்கொண்ட ஒரே மணப்பெண் இந்தத் தர்மபுரி ஜில்லாவில் அவளாகத்தான் இருப்பாள்.

ஆறு வருஷம் இதையே எழுதி எழுதி அவள் கைக்கு வேறு நடை வராமல் போய்விட்டது. ரஞ்சித்குமார் போனில் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பினான். 'நான் எனது பதவியை இதன்மூலம் ராஜினாமா செய்கிறேன்' என்று இருந்தது. படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதவியை ராஜினாமா செய்ய அவள் என்ன மந்திரியா? பில் போடுகிறவள். 'வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்' என்று எழுதிப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கிழித்தாள். ஆறு வருஷம் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷனுக்கு நாலு நல்ல வார்த்தை முதலில் சொல்லிவிடலாம், பிறகு விஷயத்துக்கு வரலாம் என்று பேனாவை எடுத்தாள். நாலு நாற்பதாகிவிட்டது. போதாததற்கு, அவளிடம் இருந்த நல்ல தாள் கடையின் மடல் அட்டை ஒன்றுதான்.

'பேரன்பும் பெருந்தன்மையும் நிறைந்த உயர்திரு நூர் பாஷா அவர்களுக்கு' என்று தொடங்கியது கடிதம். 'எட்டடிக் கடையில் தொடங்கி எட்டு ஊருக்குப் பீரோ அனுப்பும் ஏந்தலே! ஏழை வீட்டுப் பெண்ணின் சீருக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணின் சீருக்கும் ஒரே கனத் தகரம் போட்ட நேர்மையே! பில் புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் வந்து நின்றவளை, நிற்க வைக்காமல் நாற்காலி போட்டு உட்கார வைத்து வேலை சொல்லித் தந்த பெருமனமே! தங்கள் கடையில் கற்றது என் ஆயுளுக்கும் போதும்...'

இப்படி முக்கால் பக்கம். அடியில்தான் விஷயம், நாலு வரி: 'என் கணவர் ஓசூரில் இருப்பதாலும் எனக்கும் அங்கேயே வேலை கிடைத்திருப்பதாலும், ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியோடு வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். அதற்கான கடிதம் தந்து என்னை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

படம் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. "பானு, இது ராஜினாமாவா, இல்ல எலெக்சனுக்கு சீட்டு கேக்கறியா?"

"மரியாதையா எழுதோணுமுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

"மரியாதைக்கும் ஒரு அளவு வேணாமா? எதுக்கும் நாளைக்குக் குடுத்துரு. அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள், ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, கடை திறந்து சாம்பிராணி போட்டதும் கொடுத்துவிட்டாள். நூர் பாஷா சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். "டேய் மாதேஷு, இங்க வா. பானும்மா என்னமோ குடுத்திருக்குது, படி" என்று கூப்பிட்டார்.

மாதேஷ் கடையின் டிரைவர், பெயிண்டர், பூட்டு ரிப்பேர்க்காரன் எல்லாம். அவன் கட்டபொம்மன் நாடகத்தில் வேஷம் கட்டியவன். சாதாரணமாகப் படிக்க வராது. "ஏந்தலே!" என்று அவன் எடுத்த எடுப்பில் எதிர்ப்பக்கம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'ஒரே கனத் தகரம்' என்ற இடம் வந்தபோது நூர் பாஷா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாற்காலி வரி வந்ததும் கையைத் தூக்கினார்.

"போதுமுடா. நிறுத்து."

"இன்னும் இருக்குதுங்களே பாய்?"

"தாங்கலடா. குடு இப்படி."

அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். மடங்காத அட்டை மோவாயை இடித்தது. அதோடேயே கல்லாவில் உட்கார்ந்தார். "இருபத்தஞ்சு வருசமா ஊருக்கெல்லாம் மடல் குடுத்தோம். எனக்குன்னு ஒருத்தன் ஒரு வரி எழுதியிருப்பானா? பதினஞ்சாந்தேதி கடைக்கு இருபத்தஞ்சு வருசம் ஆவுது. அதை ஞாபகம் வச்சு எழுதியிருக்குது பாரு, இந்தப் பொண்ணு" என்றார். குரல் உடைந்திருந்தது.

பானுமதிக்கு அந்த இருபத்தைந்தாம் வருஷம் சத்தியமாக ஞாபகமில்லை. சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் படிப்பார், நாளைக்கு அவரே பேசுவார் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் கடைக்குள் நுழைந்தபோது கல்லாவுக்கு மேலே கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. பொன் சட்டம், கண்ணாடி, சுற்றிலும் மல்லிகைச் சரம். வழக்கமாகச் சரம் ஒரு விரல் அகலம்தான் இருக்கும். இதில் அடிப்பக்கம் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு மல்லிகை மூன்றடுக்காக அடைத்துக்கொண்டு நின்றது. 'ஆயுளுக்கும் போதும்' என்பதோடு கடிதம் முடிந்திருந்தது. அதற்குக் கீழே பூ. பூவுக்கு நடுவில் 'நூர் பீரோ மார்ட், உறுதிக்கு உத்தரவாதம்' என்று ஒரு ஸ்டிக்கர்.

அவளுடைய ராஜினாமா பூவுக்கு அடியில் பத்திரமாகப் படுத்திருந்தது.

அடுத்த பத்து நாள் அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மாதேஷ் அதைப் படித்துக் காட்டினான். பீரோ பார்க்க வந்த ஒரு விவசாயி, "நல்ல ஆளுங்க கடை" என்று பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். நூர் பாஷாவின் மனைவி ஜான் பீ வீட்டிலிருந்து கேசரி கொடுத்தனுப்பினார். பானுமதி கேசரியைத் தின்றுகொண்டே சானியாவின் போனை எடுத்தாள்.

"மேடம், ராஜினாமா குடுத்துட்டீங்களா? அதுக்கு உங்க முதலாளி என்ன சொன்னாரு?"

"குடுத்துட்டேனுங்க. ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க அவருக்கு."

"என்னது?"

"இல்லீங்க... லெட்டர் வந்தரும்ங்க."

பதினான்காம் தேதி அவளுக்கு ஒரு வழி தோன்றியது. பேருந்து நிலையத்துப் பக்கம் பிரேம் கடை வைத்திருந்த கோவிந்தனைப் போய்ப் பார்த்தாள். ஆறு வருஷமாக அவளுடைய மடல்களுக்கெல்லாம் சட்டம் போடுகிறவர். சட்டத்தைக் கழற்றி அடிப்பூவைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டால் மிச்சம் தானாகத் தெரிந்துவிடும், யாரும் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்பது அவள் கணக்கு.

"கோவிந்தண்ணா, நம்ம கடையில மாட்டியிருக்கற பிரேமுல பூ ரொம்ப மேல ஏறிப்போச்சுங்க. நாலு வரி மறைஞ்சிருக்குது. நீங்க கவனிக்கலீங்களா?"

கோவிந்தன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "கவனிக்காம என்னம்மா? எழுத்து மறையுதுங்க பாய்னு சொன்னேன். பாய்தான் மறையட்டும்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாரு. இந்தா, இங்கயே நின்னுக்கிட்டு ரெண்டு தடவ முழுசாப் படிச்சாரு. அப்புறம் அடியில நாலு விரக்கடை பூ வச்சு அடைச்சுரு கோவிந்தான்னாரு. இருந்த சரம் பத்தல. கடையில மாட்டியிருந்த முருகன் படத்துப் பூவக் கழட்டிப் போட்டுக் குடுத்தேன்."

பானுமதிக்கு ஆத்திரம் வந்தது. சாதாரண ஆத்திரமா? தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தே கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். கேசரி கொடுத்தனுப்பியிருக்கிறார். தன் வாழ்க்கையைத் தூக்கி அலமாரியில் முருகேஷின் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? பூ வைத்து மூடினால் ஓசூர் இல்லாமல் போய்விடுமா?

வீட்டுக்கு வந்து இரண்டாவது கடிதம் எழுதினாள். ஏந்தலும் இல்லை, பெருமனமும் இல்லை. 'நான் முப்பத்தொன்றாம் தேதியோடு வேலையை விட்டு நிற்கிறேன். கடிதம் கொடுங்கள்.' இரண்டே வாக்கியம். கைப்பையில் வைத்துக்கொண்டாள். விழா முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து. கடை வாசலில் பந்தல், கொடியேற்றம், இருபத்தைந்தாம் ஆண்டு விழா எல்லாம் ஒரே செலவில். பக்கத்துச் சந்தில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் காது மேடையில் இருந்தாலும் மூக்கு சந்தில்தான் இருந்தது. வார்டு மெம்பர் பேசினார். தகரம் அனுப்புகிற சேலத்துக்காரர் பேசினார். பிறகு மாதேஷ் மைக்கைப் பிடித்து, "அடுத்ததா, நம்ம பாயப் பத்தி நம்ம பானுமதி மேடம் எழுதின மடல அவங்களே படிப்பாங்க" என்று அறிவித்துவிட்டு, சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான்.

நூர் பாஷா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புது ஜிப்பா. பக்கத்தில் ஜான் பீ.

பானுமதி படிக்க ஆரம்பித்தாள். கோபத்தில் குரல் முதலில் கரகரத்தது. எட்டடிக் கடை, எட்டு ஊர், ஒரே கனத் தகரம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். 'நிற்க வைக்காமல் நாற்காலி போட்டு' என்ற இடத்துக்கு வந்தபோது அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். எழுதும்போது கை பழக்கத்தில் எழுதியதுதான். வாய்விட்டுப் படிக்கும்போது அது நிஜம் என்று தெரிந்தது. அந்தத் தெருவில் எந்தக் கடையிலும் பெண்கள் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே, தான் உட்காருகிற நாற்காலியைக் காற்றாடிக்குக் கீழே இழுத்துப் போட்டுவிட்டு ஸ்டூலுக்கு மாறிக்கொண்டவர் அவர். ஆறு வருஷமாக ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

'ஆயுளுக்கும் போதும்' வந்துவிட்டது. அடுத்தது பூ.

மறைந்திருந்த நாலு வரியும் அவளுக்கு மனப்பாடம். மைக் கையில் இருக்கிறது. எழுபது பேர் சாட்சி. படித்துவிட்டால் யாரும் மறைக்க முடியாது. அவள் தலையைத் தூக்கி நூர் பாஷாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் பள்ளிக்கூடம் வந்த பையன் அப்படித்தான் குனிந்திருப்பான்.

மனுஷனுக்கு இன்றைக்கு ஒரு நாள் விழா. அதில் போய் இதைச் சொல்வதா? அவளால் முடியவில்லை. பாழாய்ப்போன இரக்கம்.

"இப்படிக்கு, தங்கள் நன்றியுள்ள பானுமதி" என்று முடித்துவிட்டாள்.

கைதட்டல் அதிர்ந்தது. பிரியாணி அடுப்பிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அவள் மேடையை விட்டு இறங்கப் போனாள்.

"இரும்மா."

நூர் பாஷா எழுந்து வந்தார். மைக்கை வாங்கவில்லை. அவள் கையில் இருந்த மைக்குக்கு நேராகவே குனிந்து, "இன்னும் நாலு வரி இருக்குது" என்றார்.

சந்துப் பக்கம் இருந்த மூக்குகளும் மேடைக்குத் திரும்பின.

"எனக்குத் தெரியும்மா. நாந்தான் மறைச்சு வச்சேன். நீ கோவிச்சுக்கிட்டு அதைப் படிச்சிருந்தீன்னா நானும் கோவிச்சுக்கிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன். படிக்காம விட்டுட்ட. இப்ப நான் என்ன பண்றது?" அவர் மாதேஷைப் பார்த்தார். "டேய், ஸ்குரு டிரைவர் எடு."

எழுபது பேர் பார்க்க, மேடையிலேயே சட்டத்தைக் கழற்றினார்கள். ஆணி இறுகியிருந்தது. மாதேஷ் நெம்பினான், வார்டு மெம்பர் பிடித்துக்கொண்டார். கோவிந்தன் கீழேயிருந்து, "கண்ணாடி பத்திரம், கண்ணாடி பத்திரம்" என்று கத்திக்கொண்டே இருந்தார். மல்லிகை மூன்றடுக்கும் உதிர்ந்தது. பானுமதி நாலு வரியையும் படித்தாள். ஓசூர், கணவர், முப்பத்தொன்று, அனுப்பி வைக்குமாறு.

படித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். மடல் படித்து முடித்தால் தட்ட வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். பக்கத்தில் இருந்தவர் தொடையில் ஒரு அடி வைத்து நிறுத்தினார்.

"பதினஞ்சு நாளா இவருக்குச் சோறே எறங்கலம்மா" என்றார் ஜான் பீ. "பொண்ணு புருசனோட குடித்தனம் பண்ணப் போவுது, அதுக்குப் போயிப் பூவ வச்சு மறைக்கறியே, உனக்கு வெக்கமா இல்லயான்னு நானுந்தான் தினமும் கேக்கறேன். அல்லா மேல சத்தியமா கேசரி மட்டும் நான் மனசாரக் குடுத்தது."

நூர் பாஷா மூக்கை உறிஞ்சினார். "ஆவணி மொத முகூர்த்தத்துக்குப் பதினோரு பீரோ போவுது. மடல் பதினொண்ணும் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா."

"இருபது எழுதி வச்சுட்டுப் போறேனுங்க பாய். பேரு மட்டும் நீங்க போட்டுக்கங்க."

இரண்டு வாக்கியக் கடிதம் கைப்பையிலேயே இருந்தது. அன்றைக்குப் பிரியாணி தின்ற கையை அதில்தான் துடைத்தாள்.

ரிலீவிங் லெட்டர் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. நூர் பாஷாவுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நானே எழுதிவிடுகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று பானுமதி சொல்லிப் பார்த்தாள். "உன் கல்யாணத்து மடலையும் நீயேதான் எழுதுன. இதையும் நீயே எழுதுனா அப்புறம் நான் எதுக்கும்மா?" என்று மறுத்துவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அவள் மூட்டை முடிச்சோடு பேருந்து ஏறுகிற நேரத்தில் மூச்சு வாங்க ஓடி வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தைச் சன்னல் வழியாகத் திணித்தார். "வெறுந்தாளா குடுத்தா மடங்கிப்போயிரும்னு பிரேம் போட்டுட்டேன்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை ஓசூர் கம்பெனியில், கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் சானியா உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளை நீட்டினார்கள். பானுமதி செய்தித்தாளைப் பிரித்து ஒன்றரைக்கு இரண்டடிச் சட்டத்தை மேசைமேல் சாய்த்து வைத்தாள். பொன் ஓரம், மல்லிகைச் சரம்.

சானியா வெகு நேரம் பார்த்தாள். பிறகு படித்தாள். கோணல்மாணலான கையெழுத்து. 'இந்தப் பெண் பானுமதி ஆறு வருஷம் என் கடையில் வேலை பார்த்தது. பொம்மிடிக்கு வருகிற ரயில் லேட் ஆகும், இந்தப் பெண் ஒரு நாளும் லேட் ஆனதில்லை. கல்லாச் சாவியை இதன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் தொழப் போவேன். ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு மனசார அனுப்பி வைக்கிறேன். நல்ல நாற்காலியாகப் போட்டுக் கொடுங்கள்.'

"இதுல சீல் எங்க மேடம்? சீல் இல்லாம நான் எடுத்துக்க முடியாதே."

பானுமதி அடிப்பக்கம் பார்த்தாள். நாலு விரக்கடைக்குப் பூ. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு ஸ்குரு டிரைவர் கெடைக்குங்களா?" என்று கேட்டாள்.

பூவை விலக்கியதும் சீல் கிடைத்தது. ஒன்றல்ல, வரிசையாக நாலு சீல், எதற்கும் இருக்கட்டும் என்று. சீலுக்கும் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. இருவரும் தலையைக் குனிந்து சேர்ந்தே படித்தார்கள்.

'பானும்மா, ரிஜிஸ்டரில் உன் பேரை அடிக்கவில்லை. நேரே லீவு என்று போட்டிருக்கிறேன். முருகேஷுக்குத்தான் ஆப்சென்ட், அவன் சொல்லாமல் போனான். நீ சொல்லிவிட்டுப் போகிறாய். தண்ணி ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்துவிடு.'

சானியா நிமிர்ந்தாள். தேன் குரல் குழம்பிப்போயிருந்தது. "மேடம், ஒரு கிளாரிட்டி வேணும். நீங்க ரிலீவ் ஆயிட்டீங்களா, இல்ல லீவுல இருக்கீங்களா?"

பானுமதி மல்லிகைச் சரத்தை எடுத்து, சீலுக்குச் சரியாகக் கீழே, நாலு வரியும் மறைகிற மாதிரி வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த அளவுக்கு மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கங்க" என்றாள்.